பாறுகள் இடம் பகிரும் விதம்: மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பார்த்துக் குறிப்பெடுக்க ஒரு வழிகாட்டி

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையோடு திரும்பிவிடுகிறார்கள். வெண்முதுகு 14, கருங்கழுத்து 2, செம்முகம் 1 என்று இனவாரியாக நோட்டில் இருக்கும். எண்ணிக்கை வேண்டும், மறுப்பில்லை. ஆனால் அந்த 14 எந்தக் கிளைகளில் இருந்தன, செம்முகம் வந்து இறங்கியபோது எது எழுந்து நகர்ந்தது, கருங்கழுத்து இரண்டும் கூட்டத்துக்கு நடுவில் இருந்தனவா ஓரத்தில் ஒதுங்கியிருந்தனவா என்பதை எழுதி வைத்தால்தான் ஒரு மரம் சாய்ந்தாலோ ஓர் ஆற்றுத்திட்டு அழிந்தாலோ எந்த இனத்துக்கு இழப்பு அதிகம் என்று சொல்ல முடியும். நீலகிரியில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு இந்தத் தகவல் உடனடித் தேவை. பறவை நோக்கலில் ஓரளவு பழகியவர்கள், இயற்கைக் குழு நடத்தும் ஆசிரியர்கள், வனத்துறைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் இனம் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கே நான்கு இனங்கள். வெண்முதுகுப் பாறுதான் எண்ணிக்கையில் அதிகம். முதிர்ந்த பறவை கருத்திருக்கும். கழுத்தடியில் வெள்ளைத் தூவி வளையம், முதுகின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் திட்டு. பறக்கும்போது அடியிலிருந்து பார்த்தால் இறக்கையின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கருப்பு. கருங்கழுத்துப் பாறு வெளிர் பழுப்பு உடம்பும் கரிய கழுத்துத் தோலும் மஞ்சள் சாயல் கொண்ட நீளமான அலகும் உள்ளது. செம்முகப் பாறு முழுக் கருப்பு. தலையும் கழுத்தும் மொட்டையாகச் சிவந்து தெரியும். தொடையின் மேல்புறம் இரு வெள்ளைத் திட்டுகள் உண்டு. நெருக்கமாகத் தெரிந்தால் கண்ணைப் பாருங்கள்: ஆணுக்குக் கண் வெளிறியிருக்கும், பெண்ணுக்குக் கரும்பழுப்பு. மஞ்சள்முகப் பாறு இந்த நான்கில் சிறியது. வெள்ளை உடம்பு, கருத்த இறக்கை ஓரம், ஆப்பு போன்ற வால். இதன் இளம் பறவை மட்டும் கரும்பழுப்பாக இருக்கும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இளம் வெண்முதுகுக்கும் கருங்கழுத்துக்கும் நடுவில்தான். இளம் வெண்முதுகுக்கு முதுகில் வெள்ளை இருக்காது, உடம்பு பழுப்பாக இருக்கும். பழுப்பைக் கண்டதும் கருங்கழுத்து என்று எழுதிவிடுகிறார்கள். அலகைப் பாருங்கள். இளம் வெண்முதுகின் அலகு கருமை, கட்டை. கருங்கழுத்தின் அலகு வெளிர் நிறம், நீளம். உடம்பிலும் வித்தியாசம் தெரியும்: இளம் வெண்முதுகு கரும்பழுப்பு, மார்பில் மெல்லிய வெளிர்க் கோடுகள் இறங்கும், கருங்கழுத்து மொத்தமாகவே வெளுத்திருக்கும். தீர்மானிக்க முடியாவிட்டால் ‘இனம் தெரியாத பழுப்பு’ என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு கருங்கழுத்தைவிட அது நூறு மடங்கு பயனுள்ளது.

பாம்புப் பருந்தையும் பாறு என்று எழுதும் வழக்கம் உண்டு. பறக்கும் பாறுக்கு இறக்கை பலகை போல அகலம், நுனி விரல் விரித்தது போலப் பிரிந்திருக்கும், தலை சிறியது, வால் கட்டை. பாம்புப் பருந்து கத்திக்கொண்டே வட்டமிடும். இறக்கையின் பின்ஓரத்தை ஒட்டி வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரியும்.

எங்கிருந்து பார்ப்பது

பாறுகள் தங்கும் பகுதி பெரும்பாலும் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் கால் வைப்பது குற்றம். காப்பகச் சாலைகளில் வண்டியை நிறுத்தி இறங்குவதும் கூடாது. சீகூர் பீடபூமியில் புதரும் முள்ளும் அடர்ந்த இடங்களில் யானை பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. ஆக, மூன்று வழிகள்தான் சரி: பொதுமக்களுக்குத் திறந்த காட்சிமுனை, மசினகுடி, வாழைத்தோட்டம் போன்ற ஊர்களின் எல்லைக்குள் திறந்த வெளி, அல்லது வனத்துறை அனுமதியோடும் காவலர் துணையோடும் நடக்கும் கணக்கெடுப்பு.

கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கி.மீ. தள்ளியிருக்கும் கோடநாடு காட்சிமுனைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே நீங்கள் பறவைக்கு மேலே நிற்கிறீர்கள். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வட்டமிட்டு ஏறும் பாறின் முதுகு உங்கள் கண்ணுக்கு நேராக வரும். வெண்முதுகின் வெள்ளைத் திட்டைச் சமவெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால் காண்பது கடினம். இங்கே பளிச்சென்று தெரியும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். தென்மேற்குப் பருவமழையில் மூடுபனி நாள் முழுக்க விலகாமல் இருந்துவிடும். மதியத்துக்குமேல் எந்த மாதத்திலும் மேகம் ஏறலாம் என்பதால் காலை நேரத்தை நம்பிப் போங்கள்.

கருவிகள்

8×42 பைனாகுலர் ஒன்று போதும், இனம் பிரிக்க. யார் யாரை நகர்த்துகிறார்கள் என்று பார்க்க 60 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) ஆடாத டிரைபாடும் வேண்டும். ஸ்கோப்பில் 60 மடங்கு வரை போகலாம் என்று எழுதியிருந்தாலும் 10 மணிக்குமேல் பள்ளத்தாக்கில் கானல் எழும். 30 மடங்குக்கு மேல் போனால் பறவை நீரில் அசைவது போலத் தெரியும். அதனால் நுணுக்கமான வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கெட்டி அட்டை போட்ட நோட்டு, பென்சில், நொடிமுள் உள்ள கடிகாரம். மொபைலில் எழுதாதீர்கள்: தலை குனிந்து தட்டச்சு செய்யும் பத்து நொடியில்தான் மரத்தில் எல்லாம் நடந்து முடிகிறது. இரண்டு பேர் போவது நல்லது. ஒருவர் கண்ணை எடுக்காமல் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம். காப்பகத்தில் அது சட்டப்படி தடை. அது எழுப்பும் சத்தத்துக்குப் பாறுகள் கூட்டத்தோடு எழுந்துவிடும்.

நாளின் நேரங்கள்

பாறு கனத்த பறவை. இறக்கையடித்தே நெடுந்தூரம் போக அதற்குக் கட்டுப்படியாகாது. வெயிலில் சூடேறி மேலெழும் காற்றை நம்பித்தான் வாழ்கிறது. அதனால் விடிந்ததும் கிளம்பாது. விடிந்ததிலிருந்து சுமார் 8:30 வரை இரவு தங்கிய மரத்திலேயே இருக்கும். வெயில் பட்டதும் இறக்கையை விரித்துக் காயும். எண்ணவும் வயது பிரிக்கவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. உடல் எடை குறைந்த மஞ்சள்முகம் வலுவில்லாத காற்றிலும் எழுந்துவிடும். மற்றவை காற்று பலப்படும்வரை காத்திருக்கும். நடுப்பகலில் ஆற்றோரத் திட்டுகளில் இறங்கிக் குளிக்கும். மாலை 4 மணிக்குமேல் ஒவ்வொன்றாகத் திரும்பும். கிளைக்கான போட்டியை மிகத் தெளிவாகக் காண்பது அப்போதுதான்.

இறக்கை விரித்து உட்கார்ந்திருப்பதை மிரட்டல் என்று எழுதிவிடக் கூடாது. காய்வது வேறு. காயும் பறவை அசையாது, கழுத்து தளர்ந்திருக்கும், வெயிலை நோக்கியோ வெயிலுக்கு முதுகு காட்டியோ இருக்கும். மிரட்டும் பறவை கழுத்தை முன்னால் நீட்டி, அலகைத் திறந்து, எதிராளியின் பக்கம் திரும்பியிருக்கும்.

யார் எங்கே உட்காருவார்கள்

வெண்முதுகு கூட்டத்தோடு வாழும் பறவை. மாயாறு, சீகூர் ஓடைக்கரைகளில் உயர்ந்த நீர்மருது மரங்களில் கூடு கட்டும். அதே மாதிரி மரங்களில் பலவாகச் சேர்ந்து தங்கும். எச்சத்தால் வெளுத்த கிளைகளே அடையாளம். கருங்கழுத்து பாறைமுகப்பில் கூடு வைக்கும். அதன் வீடு பாறை விளிம்பு. மரத்தில் காணும் கருங்கழுத்து பெரும்பாலும் இரை தேடி வந்தது, அல்லது இரை தின்றுவிட்டு ஓய்ந்திருப்பது. மாலையில் அது எந்தத் திசைக்குப் போகிறது என்று திசைகாட்டியில் பார்த்து எழுதுங்கள். செம்முகம் ஜோடியாக எல்லை வகுத்து வாழும். தனி மரத்தில் கூடு கட்டும். கூட்ட மரத்துக்கு வந்தாலும் தள்ளியே உட்காரும். தள்ளி உட்கார்வதைப் பயம் என்று எழுத வேண்டாம். அதன் வாழ்க்கைமுறையே அப்படி. மஞ்சள்முகம் இங்கே அரிது. வந்தால் பாறையிலோ தரையிலோ கூட்டத்தின் ஓரமாகவோ இருக்கும்.

கிளைகளுக்கும் தரம் உண்டு. இலையில்லாத உச்சிக்கிளை, முன்னால் தடையில்லாத பள்ளம், காலை வெயில் முதலில் படும் பக்கம் ஆகியவைதான் விலைமதிப்பான இடங்கள். கனத்த உடம்பு கிளையிலிருந்து கீழே விழுந்து காற்றைப் பிடிக்க வெளி வேண்டும். இலைக்கூட்டத்துக்குள் உட்கார்ந்தால் இறக்கை மாட்டும். ஆகவே இடச்சண்டை எல்லாக் கிளைக்கும் நடப்பதில்லை, இந்தச் சில கிளைகளுக்குத்தான். நோட்டில் மரத்தை வரைந்து, இந்தக் கிளைகளுக்கு எண் கொடுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. அடுத்த முறை வருபவர் 3-ஆம் கிளை எது என்று கண்டுபிடித்தால் போதும்.

குறிப்பெடுக்கும் முறை

இரண்டு வகையான குறிப்புகளை ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். முதலாவது, 10 நிமிடத்துக்கு ஒருமுறை மரத்தை இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் பார்த்து எண்ணுவது. இனம், வயது, மரத்தில் உயரம், என்ன செய்துகொண்டிருக்கிறது என நான்கும் வேண்டும். இரண்டாவது, இடையில் எப்போது ஒரு பறவை வந்தாலும், எழுந்தாலும், நகர்ந்தாலும் உடனே எழுதுவது. சுருக்கெழுத்தாக வெ, க, செ, ம என்று வைத்துக்கொள்ளலாம். நோட்டில் வரிகள் இப்படி இருக்கும்:

7:40 / மரம் அ / வெ முதிர் 9, வெ இளம் 2, செ 1 / மேல் 4, நடு 7, கீழ் 1 / காய்பவை 5

7:46 / செ ஆண் நடுவிலிருந்து 3-ஆம் கிளைக்கு → அங்கிருந்த வெ இளம் 1 எழுந்து 5-க்கு / இறக்கை விரித்து இறங்கியது, கொத்தவில்லை

7:50 / மாற்றமில்லை

கடைசி வரியை அலட்சியமாக நினைக்காதீர்கள். சண்டையை மட்டும் எழுதிவிட்டு அமைதியை எழுதாவிட்டால், பிறகு நோட்டைப் படிப்பவருக்கு அந்த மரத்தில் ஓயாத சண்டை நடந்தது போலத் தோன்றும். ஒன்றுமே நடக்காத அரைமணி நேரமும் தரவுதான். பல இனங்கள் ஒரே மரத்தைப் பொதுவாக எப்படிப் பகிர்கின்றன என்பதற்கான விடை அந்த அமைதியான வரிகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

அதே போல ஓர் இனத்துக்குள் நடக்கும் தள்ளுமுள்ளையும் விடாமல் எழுதுங்கள். வெண்முதுகு ஒன்று வந்திறங்கினால் பக்கத்தில் இருப்பவை வரிசையாக நகர்வது வழக்கம். அதை எழுதாமல், செம்முகம் வெண்முதுகை நகர்த்தியதை மட்டும் எழுதினால் செம்முகம் முரட்டுப் பறவை என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள். 12 வெண்முதுகுக்கு நடுவில் 1 செம்முகம் இருக்கும்போது, அது எதன் மேல் இறங்கினாலும் அநேகமாக வெண்முதுகின் மேல்தான் இறங்கும். ஆகவே பிறகு கணக்குப் பார்க்கும்போது, ‘எத்தனை முறை நகர்த்தியது’ என்பதோடு ‘எத்தனை முறை வந்திறங்கியது’ என்பதையும் வைத்து வகுக்க வேண்டும்.

நகர்த்திய விதத்தையும் பிரித்து எழுதுங்கள்: வந்து இறங்கியதாலேயே மற்றது விலகியதா, கழுத்து நீட்டியதா, இறக்கையால் அடித்ததா, கொத்தியதா. தொண்டைப்பை நிரம்பியிருக்கிறதா என்பதும் அவசியம். கழுத்தடியில் முஷ்டி அளவு புடைத்துத் தெரிந்தால் அது தின்றுவிட்டு வந்த பறவை. பசித்த பறவைக்கு வேகம் அதிகம். தின்ற பறவை விட்டுக்கொடுக்கும். இனத்தின் குணம் என்று நாம் நினைப்பது பல சமயம் பசியின் குணம்.

இரையில்

இரையில், அதாவது செத்த விலங்கின் உடல் கிடக்கும் இடத்தில், நடப்பது மரத்தில் நடப்பதிலிருந்து மாறுபடும். பொதுவாகக் காக்கைகள் முதலில் தெரியும். செம்முகம் ஒன்றிரண்டாகச் சீக்கிரமே வரும். அதன் அலகுக்குத் தோலையும் தசைநாரையும் கிழிக்கும் வலு உண்டு. வெண்முதுகும் கருங்கழுத்தும் சுற்றியுள்ள மரங்களில் காத்திருந்து, ஒன்று இறங்கியதும் மளமளவென்று இறங்கும். நீண்ட மொட்டைக் கழுத்தை உடலுக்குள் விட்டு மென்தசையைத் தின்னும். கூட்டம் பெருகியதும் செம்முகம் ஓரத்துக்கு ஒதுங்கும். மஞ்சள்முகம் சிதறிய துண்டுகளைப் பொறுக்கும்.

செம்முகத்தைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்லப்படுகிறது: மற்றவை அதற்கு வழிவிடும் என்றும், அது கூச்ச சுபாவம் உள்ளது என்றும். தனித்தனியாக மோதும்போதும் கூட்டத்தின் நடுவிலும் அதன் நடத்தை ஒன்றல்ல. அதனால் ஒவ்வொரு மோதலையும் எழுதும்போது அந்த நிமிடத்தில் இரையருகே ஒவ்வோர் இனத்திலும் எத்தனை இருந்தன என்று சேர்த்து எழுதுங்கள். அந்த எண் இல்லாத குறிப்பால் பயனில்லை. செந்நாயோ காட்டுப்பன்றியோ நாயோ வந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வரும் வரிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்காக இரை வைப்பது கூடவே கூடாது. காட்டில் இரை கிடப்பதைக் கண்டால் அருகே போகாதீர்கள். அதைக் கொன்ற மிருகம் பக்கத்துப் புதரில் படுத்திருக்கலாம்.

தூரம்

எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. இடத்துக்கு இடம் மாறும். பறவையைப் பார்த்தால் தெரிந்துவிடும். இறகு கோதிக்கொண்டிருந்தவை நிறுத்துகின்றன, கழுத்துகள் உயர்கின்றன, பல தலைகள் உங்கள் பக்கம் திரும்புகின்றன, உடம்போடு இறகு ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கட்டத்திலேயே மெதுவாகப் பின்வாங்குங்கள். அடுத்து எச்சமிடும், பிறகு எழும்.

தின்ற பாறு எழுவதற்குத் திணறும். ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இறைச்சியைத் தொண்டைப்பையில் வைத்திருக்கக்கூடிய பறவை அது. விரட்டினால் தின்றதைக் கக்கிவிட்டுத்தான் பறக்க முடியும். அந்த உணவு பெரும்பாலும் கூட்டில் காத்திருக்கும் ஒற்றைக் குஞ்சுக்கானது. வெண்முதுகும் கருங்கழுத்தும் செம்முகமும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஒரு நல்ல படத்துக்காகப் பத்தடி முன்னேறுவதன் விலை இது. குளிர்கால மாதங்களிலும் கோடை தொடங்கும்வரையிலும் கூடு உள்ள மரங்களின் பக்கமே போகாதீர்கள். தொலைவிலிருந்து ஸ்கோப்பில் தெரிந்தால் பாருங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கையில் வரும் பிழைகள்

வானில் வட்டமிடும் கூட்டத்தை எண்ணுவது கடினம். ஒரே பறவை மூன்று முறை கணக்கில் ஏறும். மேலே ஏறி முடித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் வழுக்கிப் போகும் தருணத்துக்குக் காத்திருங்கள். அப்போது எண்ணினால் பிழை குறையும். நாள் முழுக்கப் பார்த்ததைக் கூட்டாதீர்கள். ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் அன்றைய எண்ணாக எழுதுங்கள். பல இடங்களில் குழுக்கள் நின்றால், கடிகாரங்களை முதலிலேயே சரிபார்த்து, பறவை போன திசையையும் நேரத்தையும் எல்லோரும் எழுத வேண்டும். கோடநாட்டிலிருந்து மேற்கே போன கூட்டமும் சீகூரில் கிழக்கிலிருந்து வந்த கூட்டமும் ஒன்றாகவே இருக்கலாம்.

தலை தொங்கிய பறவை

கழுத்தை மார்புக்குக் கீழே தொங்கவிட்டு நெடுநேரம் அசையாமல் இருக்கும் பாறு ஒன்றைக் கண்டால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடும் வெயிலிலும் அப்படி இருக்கும். ஆனால் குளிர்ந்த காலையிலும் அதே பறவை அப்படியே இருந்தால் நோயாக இருக்கலாம். நேரம், இடம், வயது எழுதி வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். உடற்கூறு ஆய்வுக்கு உடல் கெடாமல் போய்ச் சேர வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக்தான் பாறுகளைக் கொன்றது என்று 2004-இல் உறுதியானது. அந்த மருந்து உள்ள சடலத்தைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் வெள்ளையாக உப்பு படியும். கால்நடைக்கு அதைப் போடுவது இந்தியாவில் 2006-இல் தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க 2015-இல் ஊசி மருந்துப் புட்டி 3 மி.லி. அளவுக்குக் குறைக்கப்பட்டது. அதே வகை வலிநிவாரணிகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-இல் கால்நடைக்குத் தடையாயின. மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி பாறுகளுக்குப் பாதுகாப்பானது. பட்டியில் மாடு வைத்திருக்கும் நண்பர்களிடம் பேசும்போது, மருந்துச் சீட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். மெலாக்சிகாம் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றே படியெடுங்கள். மறுநாள் பார்த்தால் ‘வெ’ எது ‘செ’ எது என்று உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. இரண்டு பட்டியல்கள் தயாரியுங்கள். ஒன்றில், 10 நிமிட எண்ணிக்கைகளை வைத்து, ஒவ்வோர் இனமும் மேல், நடு, கீழ் என எந்த உயரத்தில் எவ்வளவு நேரம் இருந்தது. மற்றொன்றில், இடப்பக்க வரிசையில் வந்திறங்கிய இனம், மேல்வரிசையில் ஏற்கெனவே அங்கிருந்த இனம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ‘விலகியது / விலகவில்லை’ எண்ணிக்கை. ஒரு நாள் பட்டியலை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரே மரத்தை ஒரே நேரத்தில் பல மாதங்கள் பார்த்த பிறகுதான் போக்கு தெரியும். ஒரு பறவையும் வராத நாளுக்கும் பூஜ்ஜியம் போட்டு ஒரு வரி இருக்கட்டும்.

படம் வெளியிடும்போது கூடு உள்ள மரம், தங்கும் மரம் இருக்கும் இடத்தை எழுதாதீர்கள். ‘நீலகிரி மாவட்டம்’ என்பதற்கு மேல் வேண்டாம். மொபைல் படத்துக்குள் இடக்குறிப்பு தானாகப் பதிந்திருக்கும். அனுப்புவதற்கு முன் அதை நீக்குங்கள். துல்லியமான இடத்தோடு கூடிய முழுப் பிரதியை வனச்சரக அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை உங்கள் நோட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.